‘ராட்சசி’க்குக் கைதட்டியவர்களிடம் சில கேள்விகள்



2019 சூலையில் ‘ராட்சசி’ என்றொரு தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் சை. கௌதம்ராஜ். சீர்கெட்டுக் கிடக்கும் அரசுப் பள்ளி ஒன்றுக்குத் தலைமையாசிரியராக வந்து சேரும் கீதாராணி என்னும் வேடத்தில் ஜோதிகா நடித்திருந்தார். படம் வந்த சில வாரங்களில் நம் நாட்டின் அன்றைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் தம் அதிகாரிகளோடும் நண்பர்களோடும் அமர்ந்து அதைப் பார்த்தார். பார்த்ததோடு நில்லாமல் முகநூலில் நீண்டதொரு பாராட்டும் எழுதினார். ஒரு பள்ளித் தலைவரிடம் நாம் எதிர்பார்ப்பவை அனைத்தும் கீதாராணியிடம் இருப்பதாகவும், தம் அமைச்சு கொண்டுவர முயலும் மாற்றங்கள் பலவற்றை அந்தப் படத்தில் கண்டதாகவும் அவர் கருத்துரைத்திருந்தார்.

நம்மவர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. மலாய் அமைச்சர் ஒருவர் தமிழ்ப் படத்தைப் பார்த்து உருகினார் என்றால் சும்மாவா? புலனக் குழுக்களில் செய்தி பறந்தது. எங்கள் கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்கு இறங்கிப் படம் பார்த்துத் திரும்பியவர்களும், பின்னர் வீட்டிலிருந்தபடியே பார்த்தவர்களும் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி அதைப் பற்றியே பேசினார்கள். அமைச்சர் 2020 சனவரித் தொடக்கத்தில் பதவி விலகினார். படம் மட்டும் விலகவில்லை. ஆண்டுதோறும் மே 16, ஆசிரியர் நாள் வந்தால், கீதாராணி நடந்து வரும் காட்சித் துண்டு ஒன்று எங்கிருந்தாவது என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

படம் நல்ல படமா இல்லையா என்பதைத் திரைத் திறனாய்வாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் பேச வந்தது கைதட்டியவர்களைப் பற்றி. அவர்கள் கண்ணீர் பொய்க் கண்ணீர் அன்று. அதை நான் நன்கறிவேன். அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்விதான் எனக்கு உறுத்துகிறது: “இப்படி ஒரு ஆசிரியர் நம்ம பள்ளிக்கு வரமாட்டாங்களா, சார்?”

என்னிடமே கேட்டார்கள்! பதினாறு ஆண்டுகளாக அதே பள்ளியில் நின்றுகொண்டிருக்கும் என்னிடம். சிரித்துக்கொண்டே போய்விட்டேன். ஆயினும் அந்தக் கேள்வியை இன்னும் விடமுடியவில்லை. ‘வரமாட்டாரா’ என்னும் ஒரு சொல்லுக்குள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. இங்கே இருப்பவர்களால் ஒன்றும் ஆகாது என்பது முதலாவது. வருகிறவர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், அதுவரை நாம் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்பது இரண்டாவது. முதலாவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ள இயலாது.

இந்த எதிர்பார்ப்பு ஒரே படத்தில் பிறந்ததன்று. 1994-இல் கமல்ஹாசன் நடித்த ‘நம்மவர்’, 2012-இல் சமுத்திரக்கனி நடித்த ‘சாட்டை’, பிறகு ‘ராட்சசி’, 2023-இல் தனுஷ் நடித்த ‘வாத்தி’ என்று நீளுகிற வரிசை அது. ஒவ்வொன்றிலும் ஒருவர் வெளியிலிருந்து வருகிறார். அவர் வருமுன் அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் சோம்பேறிகள், பொறாமைக்காரர்கள், அல்லது கோமாளிகள். ‘சாட்டை’யில் தம்பி ராமையா ஏற்ற உதவித் தலைமையாசிரியர் சிங்கப்பெருமாளை யாரால் மறக்க முடியும்? நானும் வயிறு குலுங்கச் சிரித்தவன்தான், அருமையான நடிப்பு. ஆனால் இயற்பியல் ஆசிரியர் தயாளன் அங்கே பெரியவராகத் தெரிவதற்குச் சிங்கப்பெருமாள் அவ்வளவு சிறியவராக இருந்தாக வேண்டியிருக்கிறது. திரைக்கதைக்கு அது தேவை. படம் முடிந்து வெளியே வந்த பெற்றோர், தயாளனைத் தம் மனத்தில் வைத்துக்கொண்டு, சிங்கப்பெருமாளை எங்கள் ஆசிரியர் அறையில் தேடுகிறார்கள். எங்கள் அறையில் அப்படி ஒருவருமே இல்லையென்று நான் சொல்லவில்லை. எந்த அலுவலகத்தில்தான் இல்லை? ஆனால் இருபது பேர் இருக்கும் இடத்தில் பத்தொன்பது பேர் தயாளனாகவும் இல்லாமல் சிங்கப்பெருமாளாகவும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதைக் காண்பதற்கு அந்தப் படங்கள் கண்ணைப் பழக்குவதில்லை.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளி என்றால் என்னவென்று கீழே, பட்டணங்களில், வாழும் அன்பர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும்.

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. புளூ வேலி, சுங்கை பாலாஸ் என்று சரிவுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. காட்டை வெட்டவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தாக வேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்துத் தொழிலாளர் சட்டம். வைத்தார்கள். யார் பாடம் நடத்தினார்? எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, அல்லது கிராணி, அல்லது வேலைக்கு ஆகாமல் போன யாரேனும் ஒருவர். பயிற்சி கிடையாது, பாடத்திட்டம் கிடையாது, பல இடங்களில் நல்ல கூரையும் கிடையாது. ஒரே கொட்டகையில் ஏழு வயதுப் பிள்ளையும் பதின்மூன்று வயதுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து ஆத்திசூடி சொன்னார்கள். மரபை மீறிய ஆசிரியர் வேண்டும், மரபை மீறிய ஆசிரியர் வேண்டும் என்று இன்று ஏங்குகிறோமே, மலாயாத் தோட்டப் பள்ளியின் முதல் ஆசிரியர்கள் அத்தனை பேரும் மரபுக்குள் அடங்காதவர்கள்தாம்! அந்த நிலையிலிருந்து மீண்டு, பயிற்சி பெற்ற ஆசிரியர், ஒழுங்கான பாடநூல், ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்னும் சாதாரண நிலைக்கு வந்து சேர நமக்கு ஐம்பது அறுபது ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சாதாரண நிலை என்னைப் பொறுத்தவரையில் பெரிய வெற்றி.

அதுவும் இப்போது கைநழுவிக்கொண்டிருக்கிறது. நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சம். எங்கள் மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தமிழ்க் குடும்பங்கள் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும், அங்கிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன. இறங்கியதில் தவறில்லை, நல்ல வாழ்வைத் தேடிப் போனார்கள். எஞ்சியிருப்பது தோட்டத்துத் தொழிற்சாலையிலும், காய்கறிப் பண்ணைகளிலும், தங்கும் விடுதிகளிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள். 150 மாணவருக்கும் குறைந்தால் அதைக் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்கிறது கல்வி அமைச்சு. எண்ணிக்கை இன்னும் இறங்கினால் இரண்டு ஆண்டுகளை ஒரே அறையில் சேர்த்துவிடுவார்கள். கூட்டு வகுப்பு என்று அதற்குப் பெயர்.

கூட்டு வகுப்பில் ஒரு கணிதப் பாடவேளை எப்படி நடக்கிறது தெரியுமா? இடப்பக்கம் இரண்டாம் ஆண்டு, ஆறு பேர். வலப்பக்கம் மூன்றாம் ஆண்டு, ஐந்து பேர். வெண்பலகையின் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இடப்புறம் பெருக்கல் வாய்ப்பாடு, வலப்புறம் பின்னம். இரண்டாம் ஆண்டுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவர்களை எழுதவிட்டு மீண்டும் இங்கே வர வேண்டும். முதலில் முடித்துவிட்டவனுக்கு வேலை தயாராக இருக்க வேண்டும், இல்லையேல் அவன் மற்ற பத்துப் பேரையும் கெடுப்பான். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கோட்டைத் தாண்டி வலப்புறத்துப் பாடத்தைக் காதில் வாங்கிக்கொண்டிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் அது நல்லது, திக்குகிற பிள்ளையாக இருந்தால் இருக்கிற தெளிவும் போய்விடும். காலையில் பனி கனத்திருந்தால் பிள்ளைகளின் காலணிகள் ஈரமாக இருக்கும். முதல் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். இதற்கு நடுவில் மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்ட தரவுகளை நண்பகலுக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்ட ஓர் அறையில் மேசை மேல் ஏறி நின்று வசனம் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? அங்கே வேண்டியது ஒழுங்கு. எந்தப் பிள்ளைக்கு எந்த நிமிடத்தில் என்ன வேலை என்பதை முந்திய இரவே எழுதி வைத்திருக்கும் ஆசிரியர் வேண்டும். அப்படி எழுதி வைக்கும் காட்சியைப் படமெடுத்தால் ஐந்தாவது நிமிடத்தில் அரங்கம் காலியாகிவிடும். அதனால்தான் யாரும் எடுப்பதில்லை போலும்.

சரி, கைதட்டியவர்கள் உண்மையிலேயே கீதாராணியையோ தயாளனையோ விரும்புகிறார்களா? எனக்கு ஐயம் உண்டு. என் ஐயத்துக்குக் காரணம் ஒரு சிறு நிகழ்வு.

நான்காம் ஆண்டில் பொருண்மை என்றொரு பாடம் வரும்; கிலோகிராம், கிராம். கொழுந்துக்கு எடைபார்த்துக் கூலி கொடுக்கும் தோட்டத்தின் பிள்ளைகளுக்குக் கிலோகிராமை ஏட்டில் காட்டுவானேன் என்று எண்ணினேன். முறைப்படி அனுமதி பெற்று, ஒன்பது பிள்ளைகளைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு அழைத்துப் போனேன். மூட்டையைத் தூக்கிப் பார், எத்தனை கிலோ இருக்கும் சொல், பிறகு தராசைப் பார். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்குள் சொல்லக் கற்றுவிட்டார்கள். ஈரக் கொழுந்து ஏன் கனக்கிறது, ஈரத்துக்கு ஏன் எடை கழிக்கிறார்கள் என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளுடைய பாட்டி அந்தக் கழிவைப் பற்றி வாழ்நாள் முழுதும் முணுமுணுத்திருப்பார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே கழித்தல் கணக்கு நான்கைந்து போட்டோம்.

மறுநாள் ஒரு தாயார் வந்தார். “சார், கோவிச்சுக்காதீங்க. பிள்ளைங்கள வெளியில கூட்டிட்டுப் போயிட்டு இருந்தா பயிற்சிப் புத்தகம் எப்ப முடிக்கிறது? பக்கத்துப் பள்ளியில முப்பதாம் பக்கம் தாண்டிட்டாங்களாம்.” பணிவாகத்தான் கேட்டார். நானும் பணிவாகவே விளக்கினேன். அவர் நிறைவடையவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வகுப்பறைக்கு வெளியே பாடம் நடத்தும் திரைப்பட ஆசிரியரின் காட்சித் துண்டை, அந்த ஆண்டு ஆசிரியர் நாளன்று எனக்கு அனுப்பி வைத்தவர்களில் அவரும் ஒருவர்!

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு அச்சம். தாம் படிக்காததால் தொழிற்சாலையில் நிற்கிறோம், மகளும் நின்றுவிடக்கூடாது என்னும் அச்சம். பயிற்சிப் புத்தகத்தின் பக்க எண் அவர் கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று. பிள்ளை மனத்தில் எடை பற்றி உருவான தெளிவை எண்ணிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குக் கோபமெல்லாம், இந்த அச்சத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் திரையைப் பார்த்துக் கைதட்டுகிற பழக்கத்தின் மீதுதான். திரையில் மரபை மீறினால் மெய்சிலிர்க்கிறது. தன் பிள்ளையின் வகுப்பில் மீறினால் புகார்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஏழு ஏ எடுத்த பிள்ளைகளின் படங்களை நாளேடுகள் பக்கம் பக்கமாக வெளியிட்டன. இயக்கங்கள் மேடை போட்டுப் பரிசு கொடுத்தன. மதிப்பெண்ணே எல்லாமா என்று திரையில் ஒருவர் முழங்கும்போது அதே கூட்டம்தான் எழுந்து நின்றது. 2021-இல் அத்தேர்வு அகற்றப்பட்டது. இனி மூச்சுவிடலாம் என்று எண்ணினேன். அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை என்று வகுப்பறை மதிப்பீடு வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வருகிறது, எது வரவில்லை என்று எழுதித் தருகிறோம். அறிக்கை வாங்க வரும் பெற்றோரில் பத்தில் எட்டுப் பேர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பது: “வகுப்புல எத்தனாவது, சார்?”

ஆசிரியர் தோழர்களும் என்னிடமிருந்து தப்ப முடியாது. ‘ராட்சசி’ வந்தபோது தமிழ்நாட்டில் ஆசிரியர்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் குரல் எழுந்தது. இங்கேயும் ஆசிரியர் அறைகளில் அதே முணுமுணுப்பு. இன்னொரு சாராரோ கீதாராணி படத்தைத் தம் புலனத்தின் முகப்பில் வைத்துக்கொண்டார்கள், அவர்களே கீதாராணி என்பது போல. இரு சாராரும் அந்தப் படத்தில் இருந்த உண்மையான கேள்வியை விட்டுவிட்டார்கள். தேர்ச்சி விழுக்காடு குறையாதிருக்கப் பலவீனமான பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு கழித்துவிடுவதும், அவர்களைக் கீதாராணி திரும்பச் சேர்த்துக்கொள்வதும் அந்தக் கதையில் வருகின்றன. சண்டைக் காட்சியும் நடையும் வசனமும் எல்லாருக்கும் நினைவிருக்கின்றன. கழிக்கப்பட்ட பிள்ளைகள் யாருக்கு நினைவிருக்கிறார்கள்? விழுக்காட்டைக் காப்பாற்றும் வித்தை நமக்குத் தெரியாததா? நம்மிடம் கழித்துவிட ஒன்பதாம் வகுப்பு இல்லை. அதற்குப் பதில் பின்வரிசை இருந்தது. தேறக்கூடிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் முகாமும், தேறாத பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் தாளும் கொடுத்த பள்ளிகளை நானறிவேன். அந்தப் பின்வரிசைப் பிள்ளைகள் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய்மொழி போதாமையால் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, மொழி மாறிய பாடங்களுக்குள் மூழ்கி, படிவம் இரண்டிலோ மூன்றிலோ சத்தமில்லாமல் நின்றுவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டிலேயே வாசிக்கக் கற்றிருந்தால் இவர்களில் பாதிப் பேர் நின்றிருக்க மாட்டார்கள். இது என் கணிப்பு; பதினாறு ஆண்டுகள் பார்த்துச் சொல்லும் கணிப்பு.

திரைப்படத்துக்கு ஆற்றலே இல்லை என்பது என் கட்சியன்று. 2007 இறுதியில் வந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்திப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமீர்கான் இயக்கி, ஓவிய ஆசிரியராக நடித்த படம். அங்கேயும் வழக்கத்துக்கு மாறான ஆசிரியர், அங்கேயும் கண்ணீர். ஆயினும் அந்தப் படம் பார்த்தவர்கள் ‘டிஸ்லெக்ஸியா’ என்றொரு சொல்லை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். மறு ஆண்டில் மும்பை மாநகராட்சி ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கெனத் தனி வகுப்பறைகளைத் திறந்தது. எங்கள் மலைக்கே அதன் அலை வந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஒரு தாயார், “அந்தப் பையன் மாதிரியே என் மவனும் எழுத்தத் திருப்பித் திருப்பி எழுதறான், சார். நான் சோம்பேறின்னு அடிச்சுக்கிட்டே இருந்தேன்” என்றார். நிபுணரைக் காண ஈப்போவுக்கு மூன்று முறை இறங்கி ஏறினார்கள். மூன்று நாள் கூலி போயிற்று. இறுதியில் பெயர் தெரிந்தது, வழியும் தெரிந்தது. அவன் இப்போது வாகனப் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறான். மலாயில் வரும் கையேட்டை மெல்ல, ஆனால் தானாகவே, வாசிக்கிறான். அந்தத் தாயார் திரையில் பார்த்தது ஆசிரியரையன்று, பையனை. அமீர்கான் போன்ற ஆசிரியர் எங்கே என்று அவர் ஒருபோதும் என்னிடம் கேட்கவில்லை.

நம் நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2017-இல் வந்த ‘அடிவிராகு’ கெடா, சுங்கை பட்டாணி அருகே ஓர் இடைநிலைப்பள்ளியில் பணியாற்றிய ஆங்கில ஆசிரியை செரில் ஆன் பெர்னாண்டோவின் உண்மைக் கதை. அந்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. ஆசிரியையாக நடித்த சங்கீதா கிருஷ்ணசாமி சிறந்த நடிகையானார். நம்மவர்களின் எதிர்வினை? ‘நம்ம பொண்ணு பரிசு வாங்கிட்டா.’ அவ்வளவே. பிள்ளைகள் ஒரு போட்டிக்காக ஒரே வரியை மீண்டும் மீண்டும் சொல்லிப் பழகுவதுதான் அந்தக் கதையின் உயிர். அதைப் பற்றி எவரும் என்னிடம் வாய்திறந்ததில்லை.

இன்னொரு படமும் உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’, 2015. தோட்டம் துண்டாடப்பட்ட பின் வெளியேறிய குடும்பங்களின் கதை. அப்போய் என்னும் சிறுவனைச் சுற்றியது. படிப்பில் மகன் உயர வேண்டுமென்று அடித்தே வளர்க்கும் தந்தை, கற்பனை மிகுந்த மகன், பக்கத்தில் குண்டர் கூட்டத்தின் கவர்ச்சி. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் விருதைப் பெற்றது. நம் சொந்த மண்ணின் தமிழில், நம் சொந்தப் பிள்ளையைப் பற்றிய படம். மே 16 அன்று அதிலிருந்து ஒரு காட்சியைக்கூட எனக்கு எவரும் அனுப்பியதில்லை. ஏன் அனுப்புவார்கள்? அந்தப் படத்தில் காப்பாற்ற யாரும் வருவதில்லை. பார்த்து முடித்தால் தந்தையாகிய நான் என்ன செய்தேன், ஆசிரியராகிய நான் என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அழுதுவிட்டு வீட்டுக்குப் போவதை விட அது கடினம்.

எங்கள் பக்கத்தில் ஓர் ஆசிரியை இருக்கிறார். பெயரைச் சொன்னால் என்னோடு பேசமாட்டார். இருபத்திரண்டு ஆண்டுகளாக முதலாம் ஆண்டுக்கே பாடம் நடத்துகிறார். மலைக்கு வரும் இளம் ஆசிரியர்கள் குளிர் தாங்காமலும், கணவனோ மனைவியோ கீழே வேறு மாநிலத்தில் இருப்பதாலும், இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றல் வாங்கிப் போய்விடுகிறார்கள். அவர்களையும் குறை சொல்ல இயலாது. இவர் போகவில்லை. இவரிடம் புதுமை ஏதும் கிடையாது. தட்டில் மணலைப் பரப்பி அ, ஆ எழுத வைப்பார். தினமும் அதே மணல், அதே தட்டு. உரக்க வாசிக்கச் சொல்வார். தவறினால் மறுபடியும். கண்டிப்பானவர், சிரிப்பு அளந்துதான் வரும். பள்ளித் தவணை பாதி கடக்குமுன் அவர் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். எவரேனும் ஒரு பிள்ளை தொடங்கவில்லையென்றால், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அன்று மாலையே நடந்து போவார். ஒரு முறை அந்த ஆசிரியையைப் பற்றி ஒரு தந்தை என்னிடம் சொன்னது: “பழைய முறை சார், அவங்க. இந்தக் காலத்துக்கு ஒத்துவராது.” அவருடைய மகள் அப்போது தேயிலைப் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தாள்.

வரும் ஆசிரியர் நாளுக்குப் பள்ளி மண்டபத்தில் ‘ராட்சசி’யைத் திரையிட்டு நிதி திரட்டலாம் என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்தார். பலரும் வழிமொழிந்தார்கள். நான் எதிர்க்கவில்லை, படம் ஓடட்டும், நானே நாற்காலி அடுக்குகிறேன் என்றேன். ஒன்று மட்டும் கேட்டேன். படம் முடிந்த அந்த வாரத்திலேயே இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் ஒவ்வொருவரும் கால் மணி நேரம் பள்ளிக்கு வந்து, தம் பிள்ளை ஒரு பக்கம் வாசிப்பதை, குறுக்கே பேசாமல், என்னோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். பதினொரு பிள்ளைகள். கூட்டம் முடிவதற்குள் நான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பயிற்சிப் புத்தகம் கேட்ட அந்தத் தாயாரின் இளைய மகன் இப்போது இரண்டாம் ஆண்டு. அவர் மறுநாள் வந்து தம் பெயரையும் சேர்த்துக்கொண்டார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று குறித்திருக்கிறேன். தொழிற்சாலையில் காலை வேலை இருப்பவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வரலாம், பள்ளி திறந்திருக்கும்.